37 வயதில் கப்பல் ஒஃபிஸை விட்டு ஏசி வேலைக்கு: இந்தப் பயத்தை என்ன செய்வது?

கட்ஓஃப்_டைம் | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 37. கொழும்புக் கோட்டையில் ஒரு சரக்கு முகவர் கொம்பனியில் டொகியுமென்டேஷன் பக்கம் 13 வருடமாக வேலை. பில் ஒஃப் லேடிங் என்கிற கப்பல் சரக்குச் சீட்டு அடிப்பது, மேனிஃபெஸ்ட் என்கிற சரக்குப் பட்டியலைச் சரிபார்ப்பது, கப்பலுக்கு நேரம் முடியப்போகும்போது யாரோ கொன்டெய்னர் நம்பரில் ஒரு இலக்கத்தை மாற்றி அனுப்பியதைக் கண்டுபிடித்துத் தலையில் கை வைப்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். ஆனால் எங்கள் வேலையில் பாதி இப்போது வெளிநாட்டில் இருக்கிற ஒரு மையத்துக்குப் போய்விட்டது. மிச்சப் பாதியைச் செய்கிற ஆட்களில் நானும் ஒருவன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சம்பளம் கூட்டுவதாகவும் யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கைவேலை பிடிக்கும். வீட்டு மின்விசிறி, மிக்ஸி, மேல் மாடி அன்ரியின் ஃபிரிட்ஜ் எல்லாம் நான்தான் பார்ப்பேன். நாரஹேன்பிட்டியில் தொழிற்பயிற்சி அதிகாரசபைக்குப் போய் ஃபிரிட்ஜ், ஏசி திருத்தும் பாடநெறி பற்றி விசாரித்து, விண்ணப்பப் படிவமும் எடுத்து வந்தேன். அது இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

படிவத்தை எடுத்தால் கை நடுங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, நெஞ்சு இறுகுகிறது. காசுப் பயமா, வயதா, ஆட்கள் என்ன சொல்வார்கள் என்பதா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மனைவி ஆசிரியை. மகள் இரண்டாம் வகுப்பு. வெள்ளவத்தையில் வாடகை வீடு. வாடகை எவ்வளவு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பயம் போகும்வரை இருப்பதா, பயத்தோடே இறங்குவதா? தொழில் மாறியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

---

சிவப்புப்_பேனை | ஞாயிறு இரவு 10.25

தம்பி, இருக்கிற வேலையை விடாதீர்கள். அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவன் நான், மாதா மாதம் வருகிற பென்ஷனின் அருமை தெரிந்து சொல்கிறேன். 83 கலவரத்துக்குப் பிறகு திரும்பி வந்து இந்த ஊரில் ஒரு மேசையும் கதிரையும் தேடிப் பிடிக்க எங்கள் ஆட்கள் பட்ட பாடு உங்கள் வயதுக்காரருக்குத் தெரியாது. எங்களுக்கு வேலை என்றால் அந்தக் கதிரைதான். அதில் இருந்து நீங்களாக எழும்புவது புத்தியான காரியமாக எனக்குத் தெரியவில்லை. கைவேலை ஆசையைச் சனி ஞாயிறில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஒருவரி | ஞாயிறு இரவு 10.31

ஏசி திருத்த வருகிறவருக்கு நம் வீடுகளில் தண்ணீர் கூடக் கொடுப்பதில்லை. யோசித்துக்கொள்ளுங்கள்.

---

உப்புக்காற்று | ஞாயிறு இரவு 11.50

@ஒருவரி, என் பில்லைப் பார்த்த பிறகு பிளேன்டீ தருவார்கள், கவலைப்படாதீர்கள்.

தம்பி, நான் தெஹிவளை. இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. கொள்ளுப்பிட்டியில் இருந்து கல்கிசை வரை கடல் பக்கம் இருக்கிற வீடுகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. உப்புக் காற்றில் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் சில வருடத்தில் விரல் பட்டாலே மாவாக உதிரும். காலி வீதியின் கடல் பக்கத்தில் எத்தனை மாடி வீடு எழும்பியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேலை இருக்கிறதா என்ற பயத்தை இப்போதே கழித்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்கிறேன். பழைய மெஷின்களில் குளிரூட்டுகிற கேஸ் ஆர்22. ஓசோனுக்குக் கேடு என்று உலகம் முழுக்க அதை நிறுத்திக்கொண்டு வருகிறார்கள்; எங்களைப் போன்ற நாடுகளுக்கு 2030 தான் கெடு, அதற்குப் பிறகு சர்விசுக்கு மட்டும் கொஞ்சம். பிறகு வந்தது ஆர்410ஏ, அது ஆர்22ஐ விட ஒன்றரை மடங்குக்கும் கூடின அழுத்தத்தில் ஓடும். இப்போது வருவது ஆர்32, அது தீப்பற்றக் கூடியது. பழைய பாஸ்மார், அதாவது மூத்த கைவேலைக்காரர், பலர் ஆர்22 பழகிய கையாலேயே ஆர்32ஐத் தொடுகிறார்கள். லேபலைப் படித்து, அழுத்த அட்டவணையைப் பார்த்து, எழுதி வைத்து வேலை செய்கிற ஆட்கள் குறைவு. நீங்கள் 13 வருடம் செய்தது அதைத்தான். ஒரு இலக்கம் மாறினாலும் கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். அதைச் சும்மா நினைக்காதீர்கள்.

பயத்துக்கு வருவோம். வெளி யூனிட்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே மின்னைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர் இருக்கும், டின்பால் டின் மாதிரி உருளையாக. பிரேக்கரை இறக்கிய பிறகும் அதற்குள் மின் தங்கி நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பூச்சியம் காட்டினால்தான் கை வைப்பேன். இன்றைக்கும் அந்த மூடியைத் திறக்கும்போது வயிற்றுக்குள் ஒரு பிசைவு. அது போகக் கூடாது என்றுதான் விரும்புகிறேன். பயமே இல்லாத பெடியன்களை நான் வேலைக்கு எடுப்பதில்லை.

ஒரு கேள்வி, உண்மையாகப் பதில் சொல்லுங்கள். உயரம் உங்களுக்கு எப்படி? எட்டாம் மாடி பல்கனிக்கு வெளியே கையை நீட்டி நட்டு முடுக்க வேண்டி வரும்.

---

நிலுவைத்தாள் | திங்கள் காலை 7.15

அண்ணா, நான் கணக்காளர். மனத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் காசைச் சொல்கிறேன். ராஜினாமா செய்தால் என்ன கிடைக்கும் என்று எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகத் தெரியாது, தெரியாததாலேயே பாதிப் பயம்.

பணிக்கொடை: 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால் உங்களுக்கு உண்டு. நீங்களாக விலகினாலும் உண்டு. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். அடிப்படைச் சம்பளம் 90,000 என்று வைத்தால் 45,000 தர 13, 585,000 ரூபா. விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி): நீங்கள் 8 வீதம், கொம்பனி 12 வீதம் கட்டியது. ஆண்களுக்கு 55 வயதில்தான் கைக்கு வரும். இதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி): கொம்பனி மட்டும் கட்டிய 3 வீதம். வேலையை விட்டதும் கேட்டு வாங்கலாம்.

இனி ஒரு தாளை எடுங்கள். வாடகை, மின்சாரம், மகளின் வான், மருந்து, சீட்டு, லீசிங் இருந்தால் அது, இரண்டு பக்கப் பெற்றோருக்கும் கொடுப்பது. அதில் இருந்து அக்காவின் சம்பளத்தைக் கழியுங்கள். மிச்சத்தால் பணிக்கொடையைப் பிரித்தால் எத்தனை மாதம் தாங்கலாம் என்று வரும். நான்கு மாதம் என்று வந்தால் இப்போது விடாதீர்கள். பத்து மாதம் என்று வந்தால் இரவு இரண்டு மணிக்கு எழும்பக் காசு காரணமில்லை, வேறு ஏதோ.

@சிவப்புப்_பேனை ஐயா, உங்கள் மேல் மரியாதையோடு சொல்கிறேன், 2022 இல் டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கினபோது முதலில் ஆடிப்போனவை கப்பல், சரக்கு ஒஃபிஸ்கள்தான். கதிரை இருந்தது, சம்பளத்தின் பெறுமதி பாதியாகிப் போனது.

---

கட்ஓஃப்_டைம் | திங்கள் இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. தாளில் போட்டுப் பார்த்தேன். என் அடிப்படைச் சம்பளம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எட்டு மாதம் சொச்சம் வருகிறது. நான் மூன்று மாதம் கூடத் தாங்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

@உப்புக்காற்று அண்ணா, உயரம் எனக்குச் சரிவராது. மேல் மாடிப் பல்கனியில் உடுப்புக் காயப்போடவே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். இதை யாருக்கும் சொன்னதில்லை. இதோடு இந்த யோசனை முடிந்ததா?

இன்னொன்று. நேற்று மயூரபதி அம்மன் கோயிலில் தெரிந்த ஒருவர், "தம்பி இன்னும் கப்பல் கொம்பனியில்தானே?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "ஓம்" சொல்லும்போது வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. மகளின் பாடசாலைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் என்ன எழுதுவது என்றுதான் மனம் சுற்றிச் சுற்றிப் போகிறது. காசு இல்லை போலிருக்கிறது.

---

உப்புக்காற்று | திங்கள் இரவு 11.20

முடியவில்லை. உயரம் பயம் என்றால் உயரத்தில் வேலை செய்ய வேண்டாம், அவ்வளவுதான். பெல்ட் கட்டாமல் வெளியே தொங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். இந்த வேலை பல்கனியில் மட்டும் இல்லை. உள் யூனிட் சர்விஸ், கடைகளின் குளிர் அறை, ஃபிரிட்ஜ், ஏசியின் இன்வேட்டர் போர்ட் என்கிற மின்னணுப் பலகை திருத்துவது, எல்லாம் நிலத்தில் நின்று செய்வது. போர்ட் திருத்தத் தெரிந்த ஆள் கிடைக்காமல் நாங்கள் புதுப் போர்டே போட்டுக் கொடுக்கிறோம், வாடிக்கையாளர் திட்டுகிறார். வெளி வேலைக்கு என்னிடம் பெடியன் இருக்கிறான், அவனுக்கு இங்கிலீஷ் லேபல் வாசிக்கத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

பாடசாலைப் படிவத்தில் குளிரூட்டல் தொழில்நுட்பவியலாளர் என்று எழுதுங்கள். கட்டம் போதாமல் போகும், அவ்வளவு நீளம்.

---

பாதிவழி | செவ்வாய் மதியம் 1.10

வங்கியில் இருந்து விலகி இப்போது உளவியல் படிக்கிற ஆள் நான். முதலில் ஒன்று: நெஞ்சு இறுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 37 வயது. அதைப் பயம் என்று நீங்களே முடிவுகட்டாமல் ஒருமுறை டொக்டரிடம் காட்டி ஈசிஜி எடுத்துவிடுங்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அதுவே பாதி மருந்து. இரவுகள் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. அழைத்துப் பேச வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி உங்கள் கேள்வி, பயம் போகும்வரை இருப்பதா என்பது. லாச்சியைத் திறக்கிறீர்கள், கை நடுங்குகிறது, மூடுகிறீர்கள், நிம்மதி. கோயிலில் "ஓம்" என்கிறீர்கள், நிம்மதி. ஒவ்வொரு நிம்மதியும் மனத்துக்கு ஒரு கூலி. தப்பியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு வைத்துக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் கூட நடுங்கும். ஆகவே காத்திருந்தால் பயம் வளரும், குறையாது.

தன்னால் முடியும் என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977 இல் நான்கு வழி சொன்னார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, மற்றவர் சொல்லும் தைரியம், அந்த நேரத்தில் உடம்பு இருக்கிற நிலை. இதில் வலுவானது முதலாவது. நாங்கள் எல்லோரும் இங்கே எழுதுவது மூன்றாவது வகை. ஒரு கிழமைக்கு மேல் நிற்காது, சொல்லிவிடுகிறேன்.

அவர் பாம்புக்குப் பயந்தவர்களோடு செய்த வேலை பிரபலமானது. "பாம்பு ஒன்றும் செய்யாது" என்று விளக்கம் சொல்லி அனுப்பவில்லை. முதலில் இன்னொருவர் பாம்பைத் தொடுவதைத் தூரத்தில் இருந்து பார்ப்பது, பிறகு கிட்ட வருவது, கையுறை போட்டுத் தொடுவது, கடைசியில் வெறுங்கையால் பிடிப்பது. ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் ஆள் நிற்பார். உங்களுக்கு அந்தப் பக்கத்து ஆள் தெஹிவளையில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். கேட்டுப் பாருங்கள்.

---

சிவப்புப்_பேனை | செவ்வாய் மாலை 5.45

பாம்பு, கையுறை எல்லாம் சரி. ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 37 வயதில் பழகத் தொடங்கினால் 42 இல் கை வரும். 52 இல் முழங்கால் போகும். பிறகு? என் மேசைக்கு முழங்கால் தேவைப்படவில்லை.

---

உப்புக்காற்று | செவ்வாய் இரவு 10.40

ஐயா கேட்டது நியாயம். எனக்கு 49. முழங்கால் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டது. என் வருமானத்தில் பெரும்பகுதி இன்று வருட ஒப்பந்தத்தில் வருகிறது: இரண்டு மூன்று மாடித் தொகுதிகள், ஒரு பல் மருத்துவ நிலையம், ஒரு மருந்துக்கடை. நான் போய்ப் பார்த்து என்ன பிழை என்று சொல்வேன், பெடியன்கள் செய்வார்கள். அந்த இடத்துக்கு வராமல் ஏணியிலேயே நிற்கிறவர்களும் இருக்கிறார்கள், ஐம்பதில் கஷ்டம்தான்.

என்னிடம் பழகி விட்டுப் போனவர்களும் உண்டு. வேலை தெரியாமல் யாரும் போகவில்லை. ஒருவர் நல்ல கைகாரர், சாலிடர் வைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளர் "எவ்வளவு?" என்று கேட்டால் வாய் திறக்காது. "நீங்கள் பார்த்துத் தாருங்கள்" என்பார். பார்த்துக் கொடுக்கிற ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் கேஸ் காசு மட்டும் வாங்குவார். கடைசியில் மாதச் சம்பளத்துக்குப் போய்விட்டார். மின்சாரத்துக்குப் பயப்படாத மனுஷன் 6,500 ரூபா என்று சொல்லப் பயந்தார். மேசை வேலையில் இருந்து வருகிறவர்களுக்கு இந்த இடம்தான் சறுக்கும். பில்லை இத்தனை காலம் கொம்பனி அடித்தது, இப்போது உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

---

ஹட்டன்_பையன் | புதன் காலை 6.50

138 பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஏ.எல். முடித்து மெயின் வீதியில் ஒரு துணிக்கடையில் நின்றேன். நின்றேன் என்றால் உண்மையாகவே நிற்பதுதான், இருக்க விட மாட்டார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்துக்கு இரவில் படித்து, இப்போது மென்பொருள் சோதிக்கும் வேலை.

நான் பயந்தது கோடிங்குக்கு இல்லை. எனக்குச் சிங்களம் பேச வரும், புறக்கோட்டைச் சிங்களம்: மீட்டர் எவ்வளவு, கடைசி விலை, பை வேண்டுமா. ஒஃபிஸ் மீட்டிங்கில் பாதி இங்கிலீஷ், பாதி சிங்களம், நடுவில் பகிடி. எல்லோரும் சிரிப்பார்கள், நான் ஒரு நொடி பிந்திச் சிரிப்பேன். என்னைவிட ஆறு வயது குறைந்த பிள்ளை எனக்கு லீட். முதல் மாதங்களில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

செய்தது இவ்வளவுதான். சொல்ல வேண்டிய ஒரு வசனத்தைச் சிங்களத்தில் யோசித்து, தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதி வைப்பேன். மீட்டிங்கில் அந்த ஒன்றை மட்டும் சொல்வேன். அப்புறம் இரண்டாகியது. பிழையாகச் சொன்னால் லீட் திருத்துவாள், அதையும் எழுதிக்கொள்வேன். கொப்பி இப்போது தேவைப்படுவதில்லை. ஆனால் புது ஆட்கள் வந்தால் மறுபடி கொஞ்சம் ஒட்டும்.

அண்ணா, வீடு வீடாகப் போகிற வேலையில் செக்கியூரிட்டி தொடங்கி எல்லோரோடும் சிங்களம்தான். நீங்கள் கோட்டையில் இருந்தவர், உங்களுக்கு வரும் என்று நினைக்கிறேன். வராவிட்டால் அதையும் பட்டியலில் சேருங்கள், பழகக் கூடிய விஷயம்.

---

ராமகிருஷ்ணா_வீதி | புதன் இரவு 9.00

ஆம்பிளைகள் எல்லோரும் எழுதிவிட்டீர்கள், வீட்டில் இருக்கிற ஆளாக ஒன்று சொல்கிறேன்.

என் கணவர் வேலை மாறினார். லீசிங் பக்கம் இருந்தவர், இப்போது அச்சகம். மாறியது பிரச்சினையாக இல்லை. மாறுவதற்கு முன்னால் இருந்த ஏழெட்டு மாதம்தான் பிரச்சினை. சாப்பிடும்போது பேசமாட்டார். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். எனக்கு என்னென்னவோ நினைப்பு வந்தது, எழுத முடியாது. கடைசியில் ஒரு கொப்பியை நீட்டினார். அதில் அச்சு இயந்திரத்தின் விலையும் கடை வாடகையும் எழுதியிருந்தது. அதைப் பார்த்து நான் அழுதது நிம்மதியில்.

தம்பி, இங்கே முகம் தெரியாத எங்களிடம் எட்டு மாதக் கணக்கைச் சொல்லிவிட்டீர்கள். தங்கச்சிக்குச் சொன்னீர்களா? சொல்லும்போது "வேலையை விடப் போகிறேன்" என்று தொடங்காதீர்கள். தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் ஆசிரியை, பிழை இருந்தால் திருத்துவார். எந்த மாதம் வரைக்கும் பார்ப்பது, வராவிட்டால் எந்த வேலைக்குத் திரும்புவது என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திகதி இல்லாமல் எங்களால் நித்திரை கொள்ள முடியாது.

மாமனார் மாமியார் பக்கம் அவர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். மகள் சொன்னால் கேட்பார்கள்.

---

கட்ஓஃப்_டைம் | புதன் இரவு 11.30

அக்கா, சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

---

ஒருவரி | வியாழன் காலை 8.02

முந்திச் சொன்னதைக் கொஞ்சம் விளக்குகிறேன், சும்மா நக்கலுக்கு எழுதவில்லை. என் அப்பா கொட்டாஞ்சேனையில் வயரிங் வேலை செய்தவர். எங்கள் ஆட்களின் வீட்டில் குசினி வாசலோடு நிற்கவைத்துப் பேசுவார்கள், பார்த்து வளர்ந்தேன். சம்பளம் நன்றாக வரும் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், முதல் தடவை அது நடக்கும்போது இவர் உடைந்துவிடுவார். நடக்கும் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

---

பாதிவழி | வியாழன் காலை 9.30

@ஒருவரி, இந்த இழையில் எழுதியதில் மிகவும் பிரயோசனமானது இதுதான் என்று நினைக்கிறேன். எதிர்பார்த்துப் போகிறவருக்கு அது அவமானமாகத் தெரியாது, அந்த வீட்டின் குணமாகத் தெரியும்.

---

கட்ஓஃப்_டைம் | சில கிழமைகள் கழித்து, ஞாயிறு இரவு 8.15

யாராவது இன்னும் பார்க்கிறீர்களா தெரியவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஈசிஜி சரி. மனைவியிடம் தாளைக் கொடுத்தேன். பச்சைப் பேனையால் இரண்டு இடத்தில் திருத்தினார்: டியூஷன் காசை நான் எழுதவில்லை, சித்திரைப் புதுவருடச் செலவையும் விட்டிருந்தேன். எட்டு மாதம் ஏழானது. "இதற்கா இவ்வளவு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தீர்கள்" என்றார். கோபம்தான், ஆனால் வேறு வகைக் கோபம்.

வேலையை விடவில்லை. சனிக்கிழமைகளில் உப்புக்காற்று அண்ணாவோடு போகிறேன். முதலில் டோர்ச் பிடித்தேன், பிறகு செப்புக் குழாயின் வாயை விரித்து நட்டுப் போடப் பழகினேன். ஃபிளேரிங் என்பார்கள். வெட்டிய வாயில் பிசிறு இருந்தால் அதில் கசியும். நான் போட்ட மூட்டில் சவர்க்கார நுரையைத் தடவினார். சின்னச் சின்னக் குமிழி வந்தது. ஒன்றும் சொல்லவில்லை, குழாய் வெட்டியைக் கையில் தந்தார். திருப்பி வெட்டி, பிசிறு எடுத்து, விரித்து, முடுக்கி, மறுபடி நுரை. குமிழி வரவில்லை. என்னை அறியாமல் அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன், வீட்டுக்காரம்மா ஒருமாதிரிப் பார்த்தார்.

நான் பயந்தது போலவே ஒன்றும் நடந்தது. பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டுக் கதவைத் திறந்தவர் எங்கள் ஒஃபிஸின் வாடிக்கையாளர், இறக்குமதிக்காரர். சரக்கை எடுக்கிற டெலிவரி ஓடர் எத்தனையோ அவருக்குக் கொடுத்திருக்கிறேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "நீங்கள் அந்த..." என்றார். "ஓம், சனிக்கிழமையில் இதைப் பழகுகிறேன்" என்றேன். குரல் கொஞ்சம் மேலே போனது. அவர், "சரி சரி, தண்ணி ஒழுகுகிறது, மரத்தரை பழுதாகிறது, கெதியாகப் பாருங்கள்" என்று உள்ளே போய்விட்டார். இந்த மனிதரை நினைத்தா நான் இரவில் விழித்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

விலை சொல்வது இன்னும் வரவில்லை. அண்ணா வேண்டுமென்றே என்னைச் சொல்லவைக்கிறார். "ஐயாயிரம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காமலே "இல்லை, நாலாயிரத்து ஐநூறு" என்கிறேன். உயரமும் அப்படியேதான், அதை மாற்றப் பார்க்கவும் இல்லை.

---

நிலுவைத்தாள் | ஞாயிறு இரவு 8.40

அண்ணா, விலையைப் பேப்பரில் அடித்துக் கொண்டுபோங்கள். சர்விஸ் இவ்வளவு, கேஸ் இவ்வளவு, வந்து பார்க்க இவ்வளவு. வாய் சறுக்கினாலும் தாள் சறுக்காது. உங்கள் பெயரில் தொடங்குகிற நாளில் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிடுங்கள். மாடித் தொகுதிகளின் நிர்வாகம் ஒப்பந்தம் தருவதற்கு முன்னால் அதைத்தான் கேட்கும், வங்கிக் கணக்குக்கும் வேண்டும்.

---

சிவப்புப்_பேனை | ஞாயிறு இரவு 9.10

வேலையை விடாமல் பழகுவது நல்லது தம்பி. என் கருத்து மாறவில்லை. ஆனால் என் வீட்டு ஏசி இரவில் கடகடவென்று சத்தம் போடுகிறது. இரத்மலானை. நிலத்தில் நின்றே பார்க்கலாம், கீழ் மாடிதான். நாங்கள் தண்ணீர் மட்டுமல்ல, சாப்பாடும் கொடுப்போம்.

---

கட்ஓஃப்_டைம் | ஞாயிறு இரவு 9.25

வருகிறோம் ஐயா.

@உப்புக்காற்று அண்ணா, சொந்தமாகச் சாமான் வாங்கத் தொடங்கலாமா? முதலாம் குறுக்குத் தெருவில் வெக்கியூம் பம்ப் ஒன்று பார்த்தேன். அப்புறம், என்விக்யூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு முழுநேரப் பாடநெறிக்கே போக வேண்டுமா, வேலையோடு முடியாதே?

---

உப்புக்காற்று | ஞாயிறு இரவு 11.05

பம்ப் இப்போது வேண்டாம், என்னுடையதைப் பாவியுங்கள். முதலில் நல்ல ஃபிளேரிங் செட், மின் அளக்க ஒரு கிளாம்ப் மீட்டர். மலிவு மீட்டர் வாங்காதீர்கள், பூச்சியம் என்று பொய் சொல்கிற மீட்டர் ஆளைக் கொல்லும்.

என்விக்யூவுக்கு வகுப்பில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வேலை செய்து பழகியவர்களை நைட்டா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற முறை இருக்கிறது, ஆர்பிஎல் (முன்பு பழகியதை ஏற்றுக்கொள்ளும் முறை) என்று கேளுங்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். செய்த வேலைகளுக்கு ஆதாரம் கேட்பார்கள், ஆகவே இன்றையில் இருந்து ஒரு கொப்பி வையுங்கள்: திகதி, எந்த மெஷின், எந்த கேஸ், என்ன பிழை, என்ன செய்தோம். போட்டோவும் எடுங்கள். டொகியுமென்டேஷன்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வருகிற சனி காலை எட்டுக்கு இரத்மலானை. பெரியவரின் மெஷின் என்ன மொடல் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சத்தம் ஃபேனிலா கம்பிரசரிலா என்று நீங்கள் சொல்லுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். போன முறை மாதிரி செருப்போடு வந்தால் திருப்பி அனுப்புவேன்.